மழைக்கு முன்னால் எண்ணிய பள்ளி

அம்மாடி,

வியாழக்கிழமை காலை நீ சென்னைக்குப் புறப்படுகிறாய். பெட்டி கட்டும் வேலையை உன் அம்மா எடுத்துக்கொண்டாள். நான் கை வைத்தால் திட்டு விழும். எனக்கு வேறொரு வேலை பாக்கி இருக்கிறது. நேரில் சொல்லிவிடலாம் என்று நாலைந்து நாளாகப் பார்க்கிறேன். வாயைத் திறந்தால் கடைக்கு ஆள் வந்துவிடுகிறது. ஒருவருக்கு வருமானச் சான்று, இன்னொருவருக்கு ஆதாரில் பெயர்த் திருத்தம். அதற்குள் நீ போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். உறையை ஒட்டாமலே தருகிறேன். வேறு யார் எடுத்துப் படித்தாலும் எனக்கு வருத்தமில்லை. ஊர்க் கூட்டத்தில் மைக் பிடித்துச் செய்த தப்பை உன் காதோடு மட்டும் சொல்லிக்கொள்வது நியாயமாக இருக்காது.

நீ சேரப்போகும் அலுவலகம் ஒவ்வொரு மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களின் விவரங்களையும் வாங்கி, படமாகவும் பட்டியலாகவும் ஆக்கி, முடிவெடுப்பவர்களின் மேசைக்கு அனுப்பும் என்று சொன்னாய். கேட்டதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் சொன்னேன். கூடவே நம் ஊர் ஆரம்பப் பள்ளியின் விவகாரமும் நினைவுக்கு வந்தது. அது நடந்தபோது நீ பத்தாம் வகுப்பு. பாதி உனக்குத் தெரியும். மீதிப் பாதியை உன்னிடம் நான் இதுவரை சொல்லவில்லை.

அந்த ஆவணியில் ஒரு மத்தியானம் ராஜாத்தி டீச்சர் நம் கடைக்கு வந்தார். தலைமையாசிரியை என்று பெயர். அந்த இரண்டு அறைப் பள்ளியில் அவரும் இன்னொரு ஆசிரியரும்தான். ஒரு விண்ணப்பத்தை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. "பள்ளிக்கூடத்தப் பக்கத்து ஊரோட இணைக்கப் போறதாப் பேச்சு அடிபடுது அண்ணாச்சி. பதினேழு புள்ளைகதான் இருக்கு. போன வருசமும் இப்பிடித்தான். எல்லாரும் புள்ளைகள டவுனு இங்கிலீசுப் பள்ளிக்கு வேனுல ஏத்திவிட்டுட்டாக, நாம என்ன செய்ய?" என்றார். பக்கத்து ஊர்ப் பள்ளி பரளச்சி ரோட்டில் மூன்று கிலோமீட்டர் தள்ளி. நடுவில் ஒரு மரம் கிடையாது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சித்திரை வெயிலில் அந்த ரோட்டில் நடக்காது, பாதியில் நின்றுவிடும். அது டீச்சருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எனக்கு ஒரு குணம் உண்டு, உனக்கும் அது ஒட்டியிருக்கிறது. ஒரு விஷயத்தை எல்லாரும் ஒரே மாதிரி சொன்னால் தாளில் பார்க்காமல் நம்ப மாட்டேன். பதினைந்து வருஷமாக மற்றவர்களுக்காக அரசாங்கப் பக்கங்களைத் திறந்து மூடிக்கொண்டிருப்பவன் நான். எது எந்த மூலையில் கிடக்கிறது என்று தெரியும். டீச்சர் போனதும் பள்ளியின் பக்கத்தைத் திறந்தேன். எத்தனை பிள்ளைகள், எத்தனை அறை, எத்தனை கழிப்பறை, குடிநீர் உண்டா, சுற்றுச்சுவர் உண்டா, எல்லாம் இருந்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. 'விளையாட்டுத் திடல்: உண்டு' என்று போட்டிருந்தது. அந்தத் திடலில் அப்போது ஆள் உயரத்துக்குச் சீமைக் கருவேல் மண்டிக்கிடந்தது. திடல் இருந்தது உண்மைதான், உள்ளே போகத்தான் முடியாது. அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

ஒரு மாதம் அதிலேயே கிடந்தேன். வாக்காளர் பட்டியலை இறக்கி வீடு வீடாக வயதைப் பார்த்து, எந்த வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கலாம் என்று குறித்தேன். மக்கள்தொகைக் கணக்கில் நம் ஊருக்கான வரியைத் தேடி எடுத்தேன். பழசுதான், ஆனாலும் ஒரு அளவுக்கு உதவியது. அங்கன்வாடிச் சுவரில் வயது வாரியாக எழுதியிருந்ததைப் போனில் படம் பிடித்தேன். காலையில் பஸ் ஸ்டாப்பில் நின்று அருப்புக்கோட்டை வேன்களில் ஏறும் பிள்ளைகளை எண்ணினேன். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால், பள்ளியில் இருப்பவர்களையும் வேனில் போகிறவர்களையும் கழித்த பிறகும் சில வீடுகள் மிஞ்சின. அங்கே பிள்ளைகள் உண்டு, ஆனால் எந்தக் கணக்கிலும் வரவில்லை. டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி இங்கிலீஷ் மீடியம் படிக்கிறார்கள் என்று நானாக முடிவு கட்டினேன். யாரிடமும் கேட்கவில்லை. தாளில் அவ்வளவு சுத்தமாக இருந்ததால் கேட்கவும் தோன்றவில்லை.

நீ ஸ்கூல் விட்டு வந்து கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஊரின் படத்தை வரைந்து கொடுத்தாய். தெருத் தெருவாக, கட்டம் கட்டமாக. ஊர்ப் பள்ளிக்கு அனுப்பும் வீடு பச்சை, அனுப்பாத வீடும் பாதியில் நிறுத்திய வீடும் சிவப்பு. கதவு நம்பரையும் போடச் சொன்னேன். "வேணாம்ப்பா, தெருப் பேரு மட்டும் போதும். நம்பரப் போட்டா யாரு வீடுன்னு தெரிஞ்சிரும்ல?" என்றாய். "தெரியணும்னுதான் தாயி போடுறது. நம்பர் இல்லாட்டி யாரு நம்புவா?" என்று சொல்லி நானே தட்டச்சு செய்தேன். நம் வீடு இருக்கும் கட்டத்தில் மட்டும் நிறம் போடாமல் விட்டேன். நீ அதைக் கவனித்தாய்.

காந்தி ஜெயந்தி அன்று கிராம சபை. பந்தல், நாற்காலி, மைக். படத்தைப் பெரிதாக பிரிண்ட் எடுத்து ரேசன் கடைச் சுவரில் ஒட்டிவிட்டு, கையில் பட்டியலோடு ஏறினேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது, அன்று எனக்கு அப்படி ஒரு தெம்பு. 'ஊர்ப் பள்ளியைக் கைவிட்ட வீடுகள்' என்று தலைப்பைப் படித்துவிட்டு, ஒன்று ஒன்றாகக் கதவு நம்பரைப் படித்தேன். சிலர் தலையைக் குனிந்தார்கள். சிலர் எழுந்து போனார்கள். வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இருபத்தாறு என்று படித்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுந்தாள். முப்பது வயதிருக்கும், கையில் ரேசன் பை. அவள்தான் முத்துமாரி.

"அண்ணாச்சி, இருவத்தாறு எங்க வீடு. அந்தக் கதவு பூட்டிக் கெடக்கத நீங்க பாக்கலியா? மாசி மாசத்துலருந்து பூட்டித்தான் கெடக்கு."

"புள்ளைய எந்தப் பள்ளிக்கூடத்துல போட்டிருக்கீகன்னுதானம்மா கேக்குறோம்" என்றேன், மைக்கிலேயே.

"பள்ளிக்கூடமா? கரிமூட்டத்துக்கு எந்த வேனு வருது அண்ணாச்சி? நானும் எம்புருசனும் நரிக்குடிப் பக்கம் கருவேலங்காட்டுல கெடக்கோம். எம்மக செல்வி அங்கதான் தம்பியப் பாத்துக்கிட்டுக் கெடக்கா. ரேசன் வாங்க நேத்து வந்தேன். வந்த எடத்துல, ஊரக் கெடுத்தவன்னு எங்க வீட்டு நம்பரு மைக்குல கேக்குது."

நான் பட்டியலில் அடுத்த நம்பருக்கு விரலை நகர்த்தினேன். அவள் உட்காரவில்லை. "வேனுல போற வீட்டையெல்லாம் படிச்சீக. உங்க வீட்டு நம்பரு மட்டும் ஏன் வரல?" என்று கேட்டாள்.

"அது... விட்டுப்போச்சும்மா" என்றேன். அதுவும் மைக்கில்தான். பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பந்தல் காலுக்குப் பக்கத்தில் நீ நின்றிருந்தாய். நீ சிரிக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

விட்டுப்போகவில்லை, நானாக விட்டேன். உன்னை இரண்டாம் வகுப்பு வரை அதே பள்ளியில்தான் படிக்க வைத்தோம். நன்றாகத்தான் படித்தாய். எதிர் வீட்டுப் பிள்ளை டை கட்டி, ஷூ போட்டு வேனில் ஏறியதைப் பார்த்து மூன்றாம் வகுப்பில் உன்னை மாற்றினேன். காரணம் அவ்வளவுதான். டீச்சரிடம் "டவுனுக்கு வீடு மாத்தப் போறோம்" என்று பொய் சொல்லித்தான் டி.சி. வாங்கினேன். அந்தம்மா அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் நம் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தார், ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை. நான் எண்ணிய சிவப்புக் கட்டங்களில் முதல் கட்டம் நம் வீடுதான் தாயி. அதை உன்னிடம் சொல்லவே இவ்வளவு வருஷம் ஆகியிருக்கிறது.

அன்று சாயங்காலமே சுவரில் ஒட்டியதைக் கிழித்துவிட்டேன். கிழித்தால் படித்தது இல்லையென்றாகிவிடாது. உன் அம்மா இரண்டே வார்த்தைதான் சொன்னாள்: "நேர்ல போங்க." ஞாயிற்றுக்கிழமை முத்துமாரியின் பக்கத்து வீட்டில் போன் நம்பர் வாங்கி அழைத்தேன். வைதுவிடுவாள் என்று நினைத்தேன். "வாங்க, வந்து பாருங்க" என்று வழி சொன்னாள். வண்டியை எடுத்துக்கொண்டு திருச்சுழி தாண்டிப் போனேன். ரோடு முடிந்து, கண்மாய்க்கரை முடிந்து, முள்ளுக்குள் வண்டிப் பாதை. தூரத்திலேயே புகை தெரிந்தது. வெட்டிய கருவேல விறகை வட்டமாக அடுக்கி, மண் பூசி மூடி, உள்ளே நெருப்பை வைத்து, கரியாகும்வரை வேக விடுகிறார்கள். ஐந்தாறு நாள் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். எங்காவது மண் வெடித்துக் காற்றுப் புகுந்தால் மொத்தமும் சாம்பல். அதனால் அந்த நாட்களில் கணவன் மனைவி இருவரில் ஒருவர்கூட அந்த இடத்தை விட்டு நகர முடியாது. நான்கு குடும்பம், தார்ப்பாய் போட்ட நான்கு குடிசை. நம் ஊர்க்காரர்கள்தான். என் படத்தில் காரணம் தெரியாமல் சிவந்து கிடந்த கட்டங்கள் எல்லாம் அங்கே உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தன.

செல்விக்கு ஒன்பது வயது. இடுப்பில் தம்பி. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தாள், என்னைத் தாண்டி வண்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "டீச்சர் வரலியா?" என்று கேட்டாள். இல்லை என்றதும் போய்விட்டாள்.

முத்துமாரியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் கரிக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "அத விடுங்க. பள்ளிக்கூடத்த மூடாம இருக்கணும்னா ஒங்களுக்கு எண்ணிக்க வேணும், எண்ணிக்கைக்கு எம்புள்ள வேணும். சரி. எம்புள்ளைக்கு என்ன வச்சிருக்கீக?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. பதில் இருந்தால் தெரிந்துகொள்ளலாம் என்பது போலக் கேட்டாள். எப்போது ஊருக்குத் திரும்புவீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவள் கணவர் புகையிலிருந்து தலையைத் திருப்பாமல் சொன்னார்: "ஐப்பசில ஒரு உழவு மழ பெஞ்சா வந்திருவோம். ரெண்டு ஏக்கர் கெடக்குல்ல, மக்காச்சோளம் போடணும். அறுத்து முடிச்சா மாசில திரும்ப இங்கிட்டு."

கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் கடைக்கு விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி வந்தார். பயிர்க் காப்பீட்டுக்காக மழை அளவைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னார். எந்த நாளில் எந்த இடத்தில் எவ்வளவு மழை என்று தினமும் பதிவாகிறது. அதுவும் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியதுதான். தாள் மெஷினிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தபோதுதான் அந்த மனிதர் புகைக்கு நடுவே சொன்னது எனக்கு முழுதாகக் கேட்டது. சம்சாரியை அனுப்பிவிட்டு, கடையைப் பாதி சாத்தி, மழைப் பதிவைப் பழைய வருஷங்களுக்கும் எடுத்துக்கொண்டு நேராகப் பள்ளிக்குப் போனேன்.

டீச்சரிடம் பழைய வருகைப் பதிவேடுகளைக் கேட்டேன். மேசையில் ஒரு பக்கம் மழைத்தாள், மறுபக்கம் பதிவேடு. ஒவ்வொரு வருஷமும் முதல் நல்ல மழை விழுந்து பத்துப் பதினைந்து நாளுக்குள் பதிவேட்டின் அடியில் புதிதாகப் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. செல்வி, அவள் சித்தப்பா பிள்ளைகள், இன்னும் சிலர். மாசி முடிந்ததும் அவர்களுக்கு நேரே, வருகைக்குப் போடும் 'வ' இல்லாத வெறும் கட்டங்கள். பள்ளி திறந்து இரண்டு மாதமாகியும் வராததால், ஆடி முடிவில் டீச்சர் அந்தப் பெயர்களை நீக்கியிருந்தார். அரசாங்கத்துக்கு அனுப்பும் எண்ணிக்கை எடுக்கும் நாள், ஒவ்வொரு வருஷமும், நீக்கியதற்கும் மழைக்கும் நடுவில் விழுந்திருந்தது. பதினேழு என்பது பொய் இல்லை. அந்த நாளில் பதினேழுதான். கார்த்திகையில் வந்து எண்ணியிருந்தால் இருபத்தைந்து.

டீச்சர் பதிவேட்டை மூடினார். "வராத புள்ளைய வந்த மாதிரி எழுதக் கூடாதுன்னுதான் அண்ணாச்சி பேர எடுத்தேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. "நீங்க செஞ்சது நேர்மைதான் டீச்சர்" என்றேன். அவர் செய்தது நேர்மை. எண்ணிக்கை கேட்டவர்கள் கேட்டதும் முறைப்படிதான். அதனால்தான் இத்தனை வருஷம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நம் ஊரில் மழை எப்போது விழுமென்று தெரிந்தவர்களிடம் அந்தத் தாள் போகவில்லை, அந்தத் தாளைப் பார்த்தவர்கள் மழையைப் பார்க்கவில்லை.

டி.சி. வாங்கச் சொன்ன பொய்யைத் தவிர இதுவரை உனக்குத் தெரியும். அன்று வீட்டுக்கு வந்து நான் குதித்ததும் தெரியும். இனி சொல்வது உனக்குத் தெரியாது. முத்துமாரி கேட்ட கேள்வி என்னை அரித்துக்கொண்டே இருந்தது. அந்த வாரத்திலேயே பள்ளிகளின் வரைபடத்தைத் திறந்து, கரிமூட்டம் இருந்த இடத்தைத் தேடினேன். கண்மாய்க்கரையின் மறுபுறம், நடந்தால் இருபது நிமிஷத்தில், ஓர் ஆரம்பப் பள்ளி இருந்தது. முத்துமாரிக்கு அது தெரிந்திருக்கலாம், ஆனால் வேறு ஊர்ப் பள்ளியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் என் கையில் இருந்தது. பிரிண்ட் எடுத்தேன். எடுத்து, மேசை டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

ஏன் என்று உனக்குப் புரியும். அந்தத் தாள் கல்வி அலுவலகத்துக்குப் போனால், பிள்ளைகள் அதிக மாதம் இருக்கும் இடத்திலேயே சேர்த்துவிடுங்கள் என்பார்கள். அப்புறம் கார்த்திகையிலும் நம் பள்ளியில் பதினேழுதான். நான் கண்டுபிடித்தது எல்லாம் வீண். மைக்கில் பட்ட அவமானத்துக்கு மழைத்தாள்தான் மருந்து என்று நினைத்திருந்தேன். அதை இன்னொரு தாளால் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. பிள்ளைக்கு நல்லது எது என்று தெரிந்தே அதைப் பூட்டி வைத்தேன் தாயி. முதல் தப்பைத் தெரியாமல் செய்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இதை அப்படிச் சொல்ல முடியாது.

ஐப்பசி பிறந்து எட்டாம் நாள் மழை கொட்டியது. ஒரு வாரத்தில் பூட்டிய கதவுகள் திறந்தன. டீச்சர் பெயர்களைத் திரும்பச் சேர்த்தார். பள்ளியை இணைக்க வேண்டாம் என்று கேட்கக் கல்வி அலுவலகத்துக்குப் போவதற்கு முந்தின நாள், தாள்களை வாங்க டீச்சர் கடைக்கு வந்தார். பேச்சோடு பேச்சாக, "செல்வி போன மாசியில கத வாசிச்ச புள்ள அண்ணாச்சி. இப்பக் கூட்டெழுத்து வரல. எழுத்தெழுத்தாக் குத்திப் படிக்கா. மத்த புள்ளைக சிரிக்குதுன்னு புத்தகத்தையே தொட மாட்டேங்கா" என்றார். டிராயரைத் திறந்து வரைபடத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். எத்தனை நாளாக உள்ளே இருந்தது என்பதையும் சொன்னேன்.

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இத ஆபீஸ்ல காட்டுனா நம்ம புள்ளைகள அங்கயே சேத்துரச் சொல்லுவாக."

"ஆமா டீச்சர்."

"காட்டாட்டி?"

"மாசில திரும்பவும் செல்வி தம்பியத் தூக்கிக்கிட்டு நிப்பா."

அவர் ஒரு நிமிஷம்கூட எடுக்கவில்லை. வரைபடத்தை மழைத்தாளுக்கு மேலே வைத்து கிளிப் போட்டார். இருபது வருஷம் உழைத்த பள்ளி அவருடையது. என்னுடையது வெறும் அவமானம். ஆனாலும் அவருக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை, எனக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது.

மறுநாள் இருவரும் போனோம். அதிகாரி முதலில் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. எத்தனையோ ஊர்க்காரர்கள் இதே கோரிக்கையோடு வந்து அவருக்குச் சலித்திருக்கும். மழைத்தாளையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் கண்ணாடியை எடுத்து மாட்டினார். விரலை வைத்து வருஷம் வருஷமாகப் பார்த்தார். "இந்த மழைக் கணக்கு எங்க வாங்குனீங்க?" என்றார். "எல்லாம் வெளியிலதாங்கய்யா கெடக்கு. யாரும் பாக்கலாம்" என்றேன். "யாரும் பாக்கலாம். யாரு பாக்குறா?" என்று அவரே சொல்லிக்கொண்டு நாற்காலியைக் காட்டினார். வரைபடத்தை டீச்சர் நீட்டினார். அதைப் பார்த்துவிட்டு, "இதக் காட்டுனா உங்க எண்ணிக்க கொறையும், தெரியும்ல?" என்று கேட்டார். "தெரிஞ்சுதான் சார் கொண்டுவந்தோம்" என்றார் டீச்சர். அதற்குப் பிறகு அவர் எங்களோடு பேசிய விதமே வேறு. நேரில் ஆளனுப்பி மறுபடி எண்ண ஏற்பாடு செய்தார். இணைக்கும் பேச்சை அந்த வருஷத்துக்கு நிறுத்தி வைத்தார். கரிமூட்டத்துப் பள்ளியோடு அவரே போனில் பேசினார்.

எல்லாம் நாம் கேட்டபடி நடந்துவிடவில்லை. இரண்டு குடும்பங்கள் வருஷத்தில் முக்கால்வாசி அங்கேயே இருப்பதால் பிள்ளைகளின் பெயரை அந்தப் பள்ளிக்கே மாற்றிக்கொண்டன. நம் எண்ணிக்கை அந்த அளவுக்குக் குறைந்தது. மற்றவர்கள் பெயர் இங்கே, மாசி முதல் ஐப்பசி வரை உட்காருவது அங்கே என்று ஏற்பாடானது. முதல் வருஷம் தட்டுத்தடுமாறி நடந்தது, அப்புறம் பழகிவிட்டது. செல்வி இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். அவள் சித்தப்பா மகன் ஒருவன் எட்டோடு நின்றுவிட்டான், எவ்வளவோ பேசிப் பார்த்தோம். நம் ஊர்ப் பள்ளி இன்றும் சின்னப் பள்ளிதான். ஆனால் திறந்திருக்கிறது. அடுத்த கிராம சபையில் நான் மைக் வாங்கி நம் வீட்டு நம்பரைப் படித்தேன். நீ அன்று டியூஷனுக்குப் போயிருந்தாய். யாரும் சிரிக்கவில்லை. வேனில் அனுப்பிய மூன்று வீட்டுக்காரர்கள் அந்த ஜூனில் பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நான் படித்ததால்தான் என்று சொல்ல மாட்டேன். டீச்சர் வீடு வீடாக நடந்தார்.

நீ போகும் இடத்தில் நம் ஊர் ஒரு வரியாக வரும், நீ அதை ஒரு நொடியில் தாண்டிப் போவாய். அப்படித்தான் முடியும், எத்தனை ஆயிரம் வரி இருக்கும்! அதைக் குறை சொல்லவில்லை. அந்தத் தகவல் பொதுவில் கிடந்ததால்தான், பத்தாவது படித்த ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன் ஓர் அதிகாரியின் முன்னால் உட்கார்ந்து பேச முடிந்தது. அதில் எனக்கு இன்றும் அசைக்க முடியாத நம்பிக்கை உண்டு, உனக்கும் இருக்கட்டும். ஒரு எண் குறைந்தால் அது எந்த மாதம் எடுத்தது என்று பார். அந்த மாதத்தில் அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள் என்று விசாரி. உன் முடிவைக் கெடுக்கிற தாள் ஒன்று கையில் கிடைத்தால், அதை முதலில் மேலே வை. ஆட்களின் பெயரையும் கதவு நம்பரையும் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. பதினைந்து வயதில் அதை எனக்குச் சொன்னவள் நீ, நான்தான் கேட்கவில்லை.

நேற்று முத்துமாரி செல்வியின் உதவித்தொகை விண்ணப்பத்துக்காகக் கடைக்கு வந்தாள். நீ சென்னையில் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கும் வேலைக்குப் போகிறாய் என்று சொன்னேன். அவள் ஒரு துண்டுத்தாள் கேட்டு வாங்கி, பேனாவை அழுத்திப் பிடித்துத் தன் போன் நம்பரை எழுதினாள். "பாப்பாட்டக் குடுங்க அண்ணாச்சி. எண்ணுறதுக்கு முன்னாடி ஒரு போனு போடச் சொல்லுங்க. ஊர்ல இருக்கமா, காட்டுல இருக்கமான்னு சொல்லிருதேன்" என்றாள்.

அந்தத் துண்டுத்தாளை இதோடு வைத்திருக்கிறேன். போனில் ஏற்றிக்கொள்.

உன் அப்பா